அம்புக்குறி காட்டிய திசை



மாட்டுவண்டியின் பின்புறம் நோக்கி அமர்ந்திருக்கும் சிறுவனிடம், "வண்டி எப்பக்கம் ஒதுங்குகிறது?" என்று வண்டிக்காரர் கேட்பதாகக் கொள்வோம். "வலப்பக்கம்" என்கிறான் சிறுவன். அவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவனுக்கு வலம், வண்டிக்கு இடமன்றோ? அவன் சொல்லை நம்பி வண்டிக்காரர் இடப்பக்கம் இழுத்தால், இடம் ஒதுங்கிய வண்டி மேலும் இடமே ஒதுங்கும்.

கப்பல், விமானம், ராக்கெட் ஆகியவற்றில் திரும்பும் வேகத்தை உணர்ந்து சொல்லும் கருவிகள் உண்டு. அவற்றின் நிலையும் இச்சிறுவனின் நிலையே. கருவி தன் இருக்கையைக் கொண்டே திசையை அறிகிறது.

2013ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கஜகஸ்தானில் உள்ள பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் புரோட்டான்-எம் ராக்கெட் புறப்பட்டது. மண்ணுலகோர்க்கு வழிகாட்டும் மூன்று குளோனாஸ் செயற்கைக் கோள்களை அது சுமந்து சென்றது. வழிகாட்டிகளைச் சுமந்த அது, தானே வழி தவறியது. மேலெழுந்த சில நொடிகளில் இருபுறமும் ஆடிற்று. ஒரு நிமிடமும் ஆகுமுன் தலைகீழாய் வீழ்ந்து எரிந்தது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் யாது? பக்கவாட்டுத் திருப்பத்தை உணரும் மூன்று கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன என ஆய்வுக்குழு கண்டது. கருவியின்மேல் அம்புக்குறி இருந்தது. அது ராக்கெட்டின் தலைப்பக்கம் நோக்க வேண்டும். தவறாகப் பொருத்த இயலாதவாறு இருக்கையும் அமைந்திருந்தது. ஆயினும் அங்கே வலிந்து பொருத்திய தடங்கள் காணப்பட்டன!

ஏவுமுன் நடந்த சோதனை இதனைக் காட்டவில்லை. அச்சோதனை மின்னிணைப்பைக் கண்டதேயன்றி, கருவி நோக்கும் திசையைக் காணவில்லை. ஒன்று பிழைத்தால் மற்றவை காக்கும் என்பதற்காகவே மூன்று வைத்தனர். மூன்றும் ஒன்றுபோல் பிழைத்தமையால் அக்காவலும் பயனற்றுப் போயிற்று.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஒரு வாகனத்தில் இத்தகைய கருவியைப் பொருத்தலாம். பொருத்தியபின், கருவி உயிர்பெற்றதா என்று மட்டும் பாராதீர்கள். வாகனத்தைச் சிறிது வலப்பக்கம் திருப்புங்கள். கருவியும் வலம் என்கிறதா என ஒப்பிடுங்கள். பொருந்த மறுக்கும் கருவியை வலிந்து அழுத்தாதீர்கள். அம்மறுப்பு, "என்னைத் திருப்பி வை" என்று அது விடுக்கும் வேண்டுகோளாகவும் இருக்கலாம்.