ஸ்லோ குக்கரில் பன்றிக்கறி: ஓய்வுபெற்ற ஒரு கிளார்க்கின் கணக்கு

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் காட்டெருமை வாசல்வரை வருவது பற்றிப் பேசினோம். இந்த முறை செயலாளர் என்னிடம், "சார், நீங்க சமையல் பத்திப் பேசுங்க" என்றார். நான் பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அறுபது வயதுவரை எனக்குச் சமையலறையில் தெரிந்த ஒரே இடம் காபி டம்ளர் இருக்கும் அலமாரி. ஆகவே இது சமையல் வல்லுநரின் பேச்சு அல்ல. தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவனின் கணக்கு.

பன்றிக்கறி சாப்பிடாத நண்பர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சைவர்களும் இருக்கிறீர்கள், இஸ்லாமிய நண்பர்களும் இருக்கிறீர்கள். எழுந்து போய்விடாதீர்கள். நான் சொல்லப்போகும் விதிகளில் பாதி ஆட்டுக்கறிக்கும் கொண்டைக்கடலைக்கும் பொருந்தும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். அவருடைய பாட்டி லித்துவேனியா நாட்டில் வில்னியஸ் நகரத்தில் வாழ்ந்தவர். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அன்று அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளி மாலையே பயறும் கறியும் போட்ட சட்டியைப் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். அணையும் அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே இரவெல்லாம் வெந்து, மறுநாள் தயாராக இருக்கும். அம்மா சொன்ன இந்தக் கதையைக் கேட்டுத்தான் மின்சாரச் சட்டி செய்யும் யோசனை நாக்சனுக்கு வந்தது. 1940இல் காப்புரிமை கிடைத்தது. 1971இல் வேறொரு கம்பெனி அதைக் கிராக் பாட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்த பிறகுதான் உலகமெல்லாம் பரவியது. பன்றியே சாப்பிடாத வீட்டில் பிறந்த யோசனையில் நான் பன்றிக்கறி வேகவைக்கிறேன். சட்டிக்கு மதம் தெரியாது.

நமக்கும் இது புதிதல்ல. இந்த மலையில் விறகடுப்பு இருந்த வீடுகளில் ராத்திரி தணலை மூடி, மேலே மண்சட்டியை ஏற்றிவைத்துவிட்டுத் தூங்கப்போன பாட்டிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி வந்த கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டம்மாவுக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் அடுப்பு முன்னால் நிற்கக்கூடாது என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்தால் மட்டும் பெட்டியின் அடியில் வோல்ட் எண்ணைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230. நேராகச் செருகினால் கறி வேகாது, பெட்டிதான் வேகும்.

முதல் நாள் பிரஷர் குக்கர் நினைப்பில் ஒரு கிலோ கறிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். இதில் ஆவி வெளியே போவதில்லை. கறியும் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். மாலையில் கிடைத்தது பன்றி ரசம். வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய டைரியில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். அந்த டைரியிலிருந்துதான் இப்போது சொல்கிறேன்.

முதலில் நம் ஊரின் உயரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக இவ்வளவு நேரமா என்று மதுரையிலிருந்து வரும் மருமகள்கள் கேட்பது இதனால்தான். ஸ்லோ குக்கரும் அந்த 93ஐத் தாண்டாது. சமையல் குறிப்பில் 6 மணி நேரம் என்று போட்டிருந்தால் இங்கே 8, 9 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்துவிட்டுப் பிறகுதான் லோவுக்கு மாற்றுகிறேன். நம் குளிரில் ஆரம்பச் சூடு சீக்கிரம் ஏற வேண்டும்.

அடுத்தது கறி. மெத்தென்ற கொழுப்பில்லாத துண்டைக் கேட்காதீர்கள், அது இதில் சக்கையாகிவிடும். தோள்பட்டைப் பகுதியும் தொப்பைப் பகுதியும்தான் சரி. அந்தப் பகுதிகளின் நாரும் சவ்வும் பல மணி நேரச் சூட்டில் மெல்லக் கரைந்து பசையாக மாறும். குழம்புக்குக் கனம் வருவது அதனால்தான். கொட்டிலில் அடைத்து, தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றியாகப் பார்த்து வாங்குங்கள். துண்டில் அரிசி அளவு வெள்ளை மணிகள் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். அது நாடாப்புழுவின் கூடு. யாராவது காதோடு காதாகக் காட்டுப்பன்றிக் கறி இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம், வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார்.

நாடாப்புழு என்றதும் ஒரு விஷயம். பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வந்து வலிப்பு வரும் என்று நம் தெருவிலேயே பேச்சு உண்டு. அதில் பாதிதான் சரி. சரியாக வேகாத கறியைச் சாப்பிட்டால் குடலில் புழு வளரும். மூளை நோய்க்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டை வாய் வழியாக உள்ளே போவது. அந்த முட்டை புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர் வழியாக, காய்கறி வழியாக, கழுவாத கை வழியாக வருகிறது. அதனால் பன்றியைக் கண்ணால் பார்க்காத சைவருக்கும் இது வரலாம். கறியை முழுதாக வேகவைப்பது எவ்வளவு முக்கியமோ, தோட்டத்திலிருந்து பிடுங்கிய காரட்டை நன்றாகக் கழுவிக் கடிப்பதும் அவ்வளவு முக்கியம்.

இனி செய்முறை. ஒரு கிலோ கறியை ஒன்றரை அங்குலத் துண்டாக வெட்டி, மஞ்சள்தூள், உப்பு, இரண்டு ஸ்பூன் வினிகர், நசுக்கிய இஞ்சி, பத்துப் பல் மலைப்பூண்டு சேர்த்து இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் அதிகம், கீழ்நாட்டுப் பூண்டின் அளவு வேண்டாம். காலையில் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, எண்ணெய் விடாமல் கறியைப் போட்டுச் சிவக்க வறுங்கள். அதன் கொழுப்பே உருகி வரும். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். சிவந்த நிறமும் வறுத்த மணமும் ஸ்லோ குக்கரின் சூட்டில் வரவே வராது. அதே கொழுப்பில் கால் கிலோ சின்ன வெங்காயத்தை வதக்கி, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கிராம்பு போடுங்கள். மிளகு தாண்டிக்குடிப் பக்கத்து மிளகாக இருந்தால் ஒன்றரை ஸ்பூன் போதும்.

ஸ்லோ குக்கரின் அடியில் முதலில் உருளைக்கிழங்கும் காரட்டும், அதற்கு மேலே கறி. கிழங்கு வகைகள் இதில் கறியைவிட மெதுவாக வேகும், சூடு அடியில்தான் அதிகம். தண்ணீர் அரை டம்ளர், அதற்கு மேல் வேண்டாம். சட்டி பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கல் மாதிரிக் கறியை அப்படியே போடக்கூடாது. மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். சிவப்பு பீன்ஸ் சேர்ப்பவர்கள் அதை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனியாக அடுப்பில் வேகவைத்த பிறகுதான் போட வேண்டும். அதில் உள்ள ஒரு நச்சு நல்ல கொதியில்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதச் சூடு போதாது, வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

8 மணி நேரம் கழித்து மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, சாறோடு மறுபடி இரும்புச் சட்டிக்கு மாற்றி, தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை போட்டுச் சுண்டவிடுங்கள். சுண்டினால் வறுவல், சுண்டாவிட்டால் சப்பாத்திக்குக் குழம்பு. என் பெட்டி 200 வாட். ஒரு சமையலுக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் கூட ஆகாது.

இதுவரை சொன்னது வரவு. இப்போது செலவுப் பக்கம். இதைச் சொல்வதற்குத்தான் நான் மேடை ஏறச் சம்மதித்தேன்.

போன வருடம் ஐப்பசி மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு ஒன்றரைக் கிலோ கறியைப் போட்டுவிட்டு, இருவரும் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மாலை 5 மணிக்குத் திரும்பினால் வீடெல்லாம் நல்ல வாசனை. பெட்டியில் விளக்கும் எரிகிறது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொன்னார்: "பத்தரைக்குப் போன கரண்டு மூணு மணிக்குத்தான் வந்துச்சு, எங்கயோ மரம் விழுந்துடுச்சாம்." நாலரை மணி நேரம். கறியை முகர்ந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஒன்றரைக் கிலோ என்ன விலை என்று மனசு கூட்டிப் பார்த்தது. பிரஷர் குக்கரில் கொட்டி நாலு விசில் விட்டேன். எந்தக் கிருமி பிழைக்கும் என்று நினைப்பு.

சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டம்மா கேட்டாள்: "கரண்ட் போச்சாமே, எவ்வளவு நேரம்ங்க?"

"அரை மணி நேரம்" என்றேன்.

36 வருடம் கவுண்டரில் ஒரு ரூபாய்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவன் நான். அன்று எழுதினேன். அவள் என்னை நம்பிச் சாப்பிட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு இருவருக்கும் வாந்தி, பேதி. எனக்குக் காலையில் சரியாகிவிட்டது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். அங்கே டாக்டர்தான் விளக்கினார். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை கிருமி பெருகும் சூடு. அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமைத்த உணவு இருந்தால் சில கிருமிகள் அதற்குள் விஷத்தை விட்டுவிடும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும், விஷம் அப்படியே இருக்கும். முகர்ந்து பார்த்தாலும் தெரியாது, நாக்கில் வைத்தாலும் தெரியாது.

அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒன்றரைக் கிலோ கறிக்கு ஒரு பொய்யா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று சட்டம். ஒன்று, வீட்டில் ஆள் இல்லாமல் ஸ்லோ குக்கர் ஓடாது. ஆள் இருக்கும்போது கரண்ட் போனால், உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்து முடிப்போம். இரண்டு, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாவிட்டால் விலை பார்க்காமல் கொட்டுவோம். மூன்று, மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வைப்போம். நம் ஊரில் எல்லோரும் சொல்வோமே, "குளிர்தானே, வெளியிலயே இருக்கட்டும்" என்று? வெளியே 10 டிகிரி இருக்கலாம். சமையல் நடந்த அடுக்களையில் அது இல்லை. சூடுபடுத்தும்போதும் ஸ்லோ குக்கரில் வேண்டாம், அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து நாம் மின்சாரம் இல்லாமல் தவித்தது நினைவிருக்கும். மலையில் மரம் விழும், கரண்ட் போகும். அதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இரண்டு பேராகவும் தனியாகவும் வாழும் பெரியவர்கள் இங்கே எத்தனை வீடு? எல்லோர் ஃபிரிட்ஜிலும் இன்சுலின் இருக்கிறது, பால் இருக்கிறது, கறி இருக்கிறது. வீட்டில் இருப்பவர் யாராவது நம் வாட்ஸப் குழுவில் "போனது 10.30", "வந்தது 3.00" என்று இரண்டே வரி போட்டால் போதும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அதற்கும் இடம் இருக்கும். அந்தப் பதிவேட்டை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த முறை நேரத்தைக் குறைத்து எழுத மாட்டேன். சரிபார்க்க மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு வறுவல் உண்டு. மற்றவர்களுக்கு வேறு சட்டியில், வேறு கரண்டியில் பட்டர் பீன்ஸ் குழம்பு உண்டு.