நாளும் நேரமும்



அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக் குடும்பத் தொடரின் ஆயுளை எழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒளிபரப்பாகும் நாளும் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 1989இல் ஏபிசியில் தொடங்கிய 'ஃபேமிலி மேட்டர்ஸ்' வெள்ளி இரவுகளில் பிள்ளைகளோடு பெற்றோரையும் அமர்த்தியது. 1997இல் சிபிஎஸ் அதனைப் பெரும்பொருள் தந்து பெற்றது. அதே வெள்ளி, அதே குடும்பம். அலைவரிசை மட்டுமே வேறு. பார்வையாளர் பலர் உடன் செல்லவில்லை. 1998இல் தொடர் முடிந்தது.

'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' 1996இல் சிபிஎஸ்ஸில் வெள்ளியன்று தொடங்கித் தடுமாறியது. கைவிடாத நிறுவனம், 1997இல் அதனைத் திங்களுக்கு மாற்றியது. அத்தொடர் 2005 வரை வாழ்ந்தது.

தலையெண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அது முதலாண்டிலேயே மறைந்திருக்கும். கவிதைக்கும் அதுவே நியதி. வந்தோர் சிலரே ஆயினும் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும் அவையே கவிஞனை வளர்க்கும். இவ்வட்டம் பத்தாண்டுகளாக நாள் குறித்து வருகிறது. வாழ்க!