உலர்ந்த காற்றும் ஊழியர் பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலக்கியச் சொற்பொழிவுக்கும் இன்னிசைக்கும் இடையே கால் மணி நேரம் நமக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பையும் குறளையும் கேட்டு மகிழ்ந்த அவையினர், அழுத்தக் காற்றை உலர்த்துவது பற்றிய பேச்சு என்றதும் முகம் சுளித்தால் அதில் வியப்பில்லை. எனினும் இக்காலனியின் வீடுகளில் பெரும்பாலானவை ஷெட்டையும் பணிமனையையும் நம்பியே அடுப்பு மூட்டுகின்றன. அந்தப் பணிமனைகளில் மின்சாரத்திற்கு அடுத்தபடியாக வேலை செய்வது காற்றுதான். நாம் பொறியாளர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டி வருபவர். ஆனால், பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்னும் கடிதங்கள் நம் மேசை வழியாகவே போய் வருகின்றன. ஆதலின் இது பற்றிப் பேச நமக்கும் ஓரளவு உரிமை உண்டு.

முதலில் காற்றிலுள்ள நீரைப் பற்றிச் சொல்வோம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதையும், அப்பளம் நமுத்துப் போவதையும் தாய்மார்கள் நன்கறிவர். காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராம் மட்டுமே. குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்ப்பது இதனால்தான். செம்பைத் தொட்ட காற்று குளிர்ந்து, தாங்க மாட்டாத நீரைக் கீழே விடுகிறது. எந்த வெப்பநிலையில் இவ்வாறு நீர் விடத் தொடங்குகிறதோ, அதுவே பனிநிலை எனப்படும்.

இனி, கம்பிரசர் என்னும் இயந்திரம் செய்வதைக் கவனியுங்கள். எட்டுக் கன மீட்டர் காற்றை அமுக்கி ஒரு கன மீட்டர் இடத்தில் அடைக்கிறது. காற்று சுருங்கிவிட்டது, அதனுள் இருந்த நீர் சுருங்கவில்லை. ஈரத்துணியைப் பிழிவது போன்றதே இது. கிழக்கிந்தியாவின் மழைக்காலத்தில் முக்கால் பங்கு ஈரம் நிறைந்த காற்று எட்டுக் கன மீட்டர் என்றால், அதில் ஏறக்குறைய 180 கிராம் நீராவி இருக்கும். அமுக்கியபின் ஒரு கன மீட்டர் இடத்தில் தங்கக்கூடியது 30 கிராம்தான். மீதி 150 கிராம் தண்ணீராக வெளிவந்தே தீரும்.

இக்கணக்கைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்றை இழுக்கும் ஒரு நடுத்தரக் கம்பிரசர், அத்தகைய நாளில் மணிக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். எட்டு மணி நேர ஷிப்டு ஒன்றில் ஏறக்குறைய 90 லிட்டர், அதாவது ஆறு குடம்! தெருக்குழாயில் வரிசை பிடித்து ஆறு குடம் தண்ணீர் சுமந்த தாய்மார்களுக்கு அதன் கனம் தெரியும். அவ்வளவும் யாரும் ஊற்றாமலே காற்றுக் குழாய்க்குள் சேருகிறது.

புதிதாக வேலைக்கு வருபவர் இதை எளிதில் நம்புவதில்லை. கம்பிரசரின் வாயில் தண்ணீர் எதுவும் தெரியாது. சைக்கிள் பம்பை நான்கு முறை அழுத்தினாலே கை சுடுகிறது அன்றோ? கம்பிரசரிலிருந்து புறப்படும் காற்று அதனினும் பன்மடங்கு சூடாக இருக்கும். சூடான காற்று நீரை ஆவியாகவே சுமந்து செல்லும். குழாயில் போகப் போகக் குளிர்ந்து, நூறடிக்கு அப்பால், நாம் எதிர்பாராத இடத்தில் நீரை உதிர்க்கும். 'இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று திகைப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

அந்தத் தண்ணீர் செய்யும் தீங்கு கொஞ்சமன்று. குழாயை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். காற்றில் இயங்கும் கருவிகளின் எண்ணெயைக் கழுவிவிடும். பெட்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் இடத்தில் வண்ணத்தோடு நீர்த்துளியும் தெறித்துக் கொப்புளம் எழும்பும். இவை பொருட்சேதங்கள். பிரேக் விஷயம் அப்படிப்பட்டதன்று. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1869-ல் காற்றுப் பிரேக்குக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். சில ஆண்டுகளில் அதைத் திருத்தி, குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானே விழும்படி அமைத்தார். வண்டி இரண்டாகப் பிரிந்தாலும் இரு பகுதிகளும் நிற்பது அவருடைய அறிவின் பயன். நம் நாட்டு வண்டிகளில் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தமும், ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தமும் காக்கப்படுகின்றன. பயணிகள் அனைவரின் உயிரும் அந்தக் காற்றைச் சார்ந்தது. அதனுள் நீரும் துருவும் புகுந்து வால்வு ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் தாமதிக்கும். விட வேண்டிய நேரத்தில் விடாது சக்கரத்தைத் தேய்க்கும். 2025 ஜூனில் கட்ரா முதல் ஸ்ரீநகர் வரை நேர் ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகும். குழாயிலுள்ள நீர் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. (பழைய வாக்குவம் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே காற்றை அமுக்குவதில்லை. உறிஞ்சி எடுப்பதே வழக்கம். பழைய ஊழியர் சிலர் அதைப் புகழ்ந்து பேசுவதில் இந்த ஒரு நியாயமாவது உண்டு.)

உலர்த்தும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று குளிரூட்டி உலர்த்துவது. காற்றை ஏறத்தாழ 3 பாகை வரை குளிர்வித்து, உதிரும் நீரை வடித்து, பிறகு உள்ளே வரும் சூடான காற்றைக் கொண்டே அதை மீண்டும் வெதுவெதுப்பாக்கி அனுப்புவர். அதற்கும் கீழே குளிர்வித்தால் இயந்திரத்துக்குள்ளேயே நீர் உறைந்துவிடும். சமவெளிப் பணிமனைகளின் பொது வேலைகளுக்கு இதுவே போதும்.

மற்றொன்று, ஈரம் உறிஞ்சும் மணிகளைக் கொண்டு உலர்த்துவது. மாத்திரைக் குப்பியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் சிறு பொட்டலம் ஒன்று இருக்கக் கண்டிருப்பீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த மணிகளை இரண்டு கோபுரங்களில் நிரப்பி வைப்பர். ஒரு கோபுரம் காற்றை உலர்த்தும்போது மற்றொன்று தன் ஈரத்தை நீக்கிக் கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டும் முறை மாறும். ஈரத்தை நீக்குவதற்கு, உலர்ந்த காற்றிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கை அழுத்தம் தளர்த்தி அதனுள் செலுத்தி வெளியேற்றுவர். முறை மாறும்போது 'புஸ்' என்று பெரிய ஓசை எழும். இவ்வகையால் பனிநிலையைப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை கொண்டு செல்லலாம். ரயில் எஞ்சின்களில் அமைந்திருப்பது இந்த இரட்டைக் கோபுர வகையே.

'புஸ்' என்னும் அந்த ஓசையைச் சற்று நினைவில் வையுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓரிடத்தில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசும் பகுதியில் தொடர்ந்து கொப்புளங்கள் தோன்றின. பூசிய வண்ணத்தைச் சுரண்டி மீண்டும் பூசியதற்கான மிகைநேர ஊதியப் பட்டியல்கள் நம் மேசைக்கு வந்தவண்ணம் இருந்தன. வண்ணம் விற்றவரைக் குறை கூறினர். தெளிப்பவரைக் குறை கூறினர். இறுதியில் ஒருவர் குழாயைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, உலர்த்தியைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வால்வு திறந்து கிடந்தது. 'புஸ்' என்னும் ஓசையைக் கேட்டுக் காற்று வீணாகக் கசிகிறது என்று கருதிய ஒருவர், நல்லெண்ணத்தோடு உலர்த்தியை மூடிப் பக்கவழியைத் திறந்துவிட்டிருந்தார். அவ்வாறு செய்தவர் யார் என்பது வெளிப்படவில்லை. ஆகவே, உலர்த்தியின் அருகே பெருக்கித் துடைத்து, தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்து மூடும் உதவியாளர் மீது பழி விழுந்தது. அவர் நம் தஞ்சை மாவட்டத்துக்காரர். ஈரம் காட்டும் கண்ணாடியின் நிறம் மாறியதைக் கண்டும் தெரிவிக்கவில்லை என்று பதினோராம் நம்பர் படிவம் வழங்கப்பட்டது. அதைத் தட்டச்சு செய்ததும் நாமே.

பதில் எழுதித் தரும்படி அவர் நம்மிடமே வந்தார். "சார், நீலம் வெளுத்ததை நான் பார்த்தேன். வெயில் பட்டு வெளுத்தது என்று நினைத்தேன். அது நீலமாக இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே!" என்றார். அந்த வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினோம். அதிகாரி நல்லவர். படித்துவிட்டுப் பயிற்சிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த உலர்த்தி பற்றிய பயிற்சிக்கு அவ்விடத்திலிருந்து இருவர் சென்று வந்திருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்; மற்றவர் வேறு கோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார். படிவம் திரும்பப் பெறப்பட்டது.

பயிற்சிக்கு ஆள் கேட்டுக் கடிதம் வரும்போது நடப்பது என்ன? எவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்குமோ அவரையே அனுப்புகின்றனர்! இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுதும் நிற்பவரை விட மனம் வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே இடம்பெறாது. சென்று வருபவருக்கும் படங்களும் சுருக்கெழுத்துகளும் நிறைந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைக்கும். அது அலமாரிக்குள் போய்விடும்.

கற்பிக்கும் முறை பற்றி நம் கருத்து ஒன்றே. கணக்கிலிருந்தன்று, தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, ஒரு நாளைய நீரை வாளியில் பிடித்து அளந்து காட்டுங்கள். அதைக் கண்டபின் எவரும் வடிகுழாயை மறக்கமாட்டார். அடுத்து, 'புஸ்' ஓசையைக் கடிகாரம் வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும். ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது உலர்த்தியின் மூச்சு. இடைவிடாமல் சீறினால்தான் கோளாறு. நிறத்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லித் தரக்கூடாது. ஓரிடத்தில் நீலம் வெளுக்கும். ஓரிடத்தில் நீலம் இளஞ்சிவப்பாகும். நீலத்துக்குரிய கோபால்ட் உப்பு உடலுக்குத் தீங்கு என்பதால் அதை விலக்கிய இடங்களில் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். எந்த இயந்திரத்தின் அருகே நிற்கிறாரோ அதன் நிறத்தைக் காட்டி, உலர்ந்த நிலை எது, ஈர நிலை எது என்று தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ அட்டையில் எழுதி அருகிலேயே தொங்கவிட வேண்டும்.

இன்னொன்றும் கற்பிக்க வேண்டும். உலர்த்தி சரியாக இல்லை என்றவுடன் உலர்த்தியைப் பிரிப்பது தவறு. அதற்கு முன்னே இருக்கும் குளிர்விப்பானைப் பாருங்கள். பொதுவாக உலர்த்திகள் 35 பாகை வெப்பமுள்ள காற்றுக்கென்று அளவிடப்படுகின்றன. குளிர்விப்பானின் தகடுகளில் தூசி அடைத்துக் காற்று 45 பாகையில் உள்ளே வந்தால், அது சுமந்து வரும் நீர் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். ஒருவர் சுமையை இருவர் சுமையாக்கிவிட்டு ஆளைக் குறை கூறுவது போன்றதாகும் அது. அன்றியும் முன்வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் கம்பிரசரின் எண்ணெய் மணிகளின் மேல் படியும். ஈரம் பட்ட மணி உலர்ந்து மீளும்; எண்ணெய் பட்ட மணி மீளாது, மாற்றவே வேண்டும். ஒரு வடிகட்டியின் விலையை மிச்சப்படுத்தப் போய்க் கோபுரம் முழுவதற்கும் மணி வாங்கிய கணக்குகளை நாம் கோப்புகளில் பார்த்திருக்கிறோம்.

நம் காலனிப் பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் தேர்வுக்குக் காத்திருக்கின்றனர். அவர்களுக்காகவும், வேலையிலிருந்தும் பயிற்சிப் பட்டியலில் இடம் பெறாதவர்களுக்காகவும் சங்கத்தின் நூலக அறையில் சனிக்கிழமை தோறும் மாலை 6 மணிக்கு ஒரு வகுப்பு நடத்தச் செயற்குழு இசைந்துள்ளது. ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரும் ஷெட்டில் பணிபுரியும் இளம் பொறியாளர் ஒருவரும் தமிழில் கற்பிக்க முன்வந்துள்ளனர். பிறமொழி நண்பர்கள் வந்தால் இந்தியிலும் சொல்வார்கள். கட்டணம் இல்லை. பழைய வால்வு ஒன்றும், அறுத்துத் திறந்த வடிகட்டி ஒன்றும் கிடைத்துள்ளன. முதல் வகுப்புக்கு ஒரு பித்தளைச் செம்பும் சிறிது பனிக்கட்டியும் தேவைப்படுகின்றன. செம்பு தர விரும்பும் தாய்மார்கள் விழா முடிந்ததும் நம்மிடம் பெயர் கொடுக்கலாம்.