கைவினையும் கலைஞரும்

(கரடியனாற்றில் நடைபெற்ற இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

கலை என்றதும் நம்மிற் பலருக்கு இசையும் நடனமும் சிற்பமும் ஓவியமுமே நினைவுக்கு வருகின்றன. பாய் இழைக்கும் பெண்ணையும், சட்டி பானை வனைபவரையும், கூத்தருக்கு முடி செய்து கொடுப்பவரையும் கலைஞர் என்று அழைக்க நம் நா எழுவதில்லை. தொழிலாளர் என்கின்றோம். சில வேளைகளில் அதனினும் தாழ்ந்த சொல்லாற் குறிக்கவும் நாம் கூசுவதில்லை. இந்தப் பாகுபாடு சரிதானா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

நம் முன்னோர் இவ்வாறு எண்ணினரா என்று பார்ப்போம். மணிமேகலை என்னும் காப்பியத்திலே சோழ மன்னனின் மண்டபம் ஒன்று பேசப்படுகின்றது. மகத நாட்டு வினைஞரும், மராட்டியக் கம்மியரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ் நாட்டு வினைஞரோடு கூடி அதனை அமைத்தனர் என்று புலவர் எடுத்துச் சொல்கின்றார். அரசனின் பெருமையைப் பாட வந்தவர் கைவினைஞரின் பெருமையையும் பாடியிருக்கின்றார். பெரிய புராணத்தை நோக்குங்கள். திருநீலகண்ட நாயனார் தில்லையிலே மட்கலம் வனைந்தவர். நேச நாயனார் ஆடை நெய்தவர். ஓடு வனைந்து கொடுத்ததும் உடை நெய்து கொடுத்ததுமே அவர்கள் செய்த அடியார் தொண்டு. தொழிலை விட்டுவிட்டு அவர்கள் நாயன்மாராகவில்லை.

நான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். அங்கே விவிலியத்தின் யாத்திராகமத்திற் படித்த ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தை அமைப்பதற்குப் பெசலெயேல் என்னும் கைவினைஞனை இறைவனே பெயர் குறித்து அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யும் ஞானத்தை அவனுக்கு அருளினார் என்கின்றது அந்நூல். ஆகவே, கைத்திறனை ஞானம் என்று போற்றுவதிற் சமயங்களுக்கிடையே பேதம் இல்லை. அந்தத் திறன் உடையோரின் பெயர்களை நூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. நாம் வைத்திருக்கின்றோமா? நம் வீட்டுப் பாயை இழைத்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நமது மட்டக்களப்பு நாட்டின் பன் பாயையே எடுத்துக் கொள்வோம். குளத்தோரத்திலும் சதுப்பு நிலத்திலும் தானாகவே விளைவது பன். முற்றிய பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, வேண்டிய அளவுக்குச் சாயமிட்டு, அதன் பின்னரே பாய் இழைக்கத் தொடங்குவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையிலே, தாமிரபரணிக் கரையின் கோரையைப் பருத்திப் பாவில் ஊடாக ஓட்டித் தறியில் நெய்கின்றனர். நம் பாய்க்கோ தறியும் இல்லை, நூலும் இல்லை. பத்து விரல்களே தறி. எந்த இழையின் மேல் எந்த இழை செல்ல வேண்டும், எத்தனை இழைக்குப் பின் நிறம் மாற வேண்டும் என்னும் கணக்கு முழுவதும் இழைப்பவர் நெஞ்சிலேயே இருக்கின்றது. ஓர் இழை தவறினாற் கோலம் முழுவதும் கோணிவிடும். பாடசாலைக்குச் சென்றறியாத முதிய தாய்மாரும் இக்கணக்கைப் பிசகின்றிப் போடுகின்றனர். இதனைக் கல்வி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அடுத்து, கூத்தைப் பாருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கூத்தின் சிறப்பைக் கற்றோர் உலகம் உணர்ந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களின் ஆய்வுகளும் அதனை மேலும் விளக்கின. அண்ணாவியாரின் புகழும் ஆட்டக்காரரின் புகழும் ஓரளவு பரவின. ஆனால் வடமோடி அரசனின் கரப்புடுப்பைக் கட்டியவர் யார்? பாரமற்ற மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வர்ணக் காகிதமும் ஒட்டி, விளக்கொளியிற் பொன்போல் மின்னும் முடியைச் செய்தவர் யார்? விடியும் வரை ஆடுபவனின் தலையையும் தோளையும் வருத்தாதபடி அதனை அமைப்பது எளிய காரியமா? அவர் பெயரை எந்த அழைப்பிதழிலும் நாம் அச்சிடுவதில்லை.

"பெயர் எதற்கு? கைவினைஞன் பெயரை நாடாதவன் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஜப்பானியப் பேரறிஞர் யானகி சோயெத்சு என்பவரும் பெயர் அறியப்படாத கைவினைஞரின் ஆக்கங்களையே போற்றி, அவற்றுக்கென 1936ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் ஒரு காட்சியகத்தை நிறுவினார். உண்மைதான். ஆனால் அக்காலக் கைவினைஞனின் அருகே மகனோ மருகனோ மாணாக்கனோ அமர்ந்திருந்தான். பெயர் மறைந்தாலும் கை மறையவில்லை. இன்று அருகே அமர ஆள் இல்லை. ஆகவே பெயரோடு கையும் மறைந்து போகின்றது.

கை மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிற் பயின்ற சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு உழைத்து யாழ் நூலை இயற்றினார். அந்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. ஏன் அத்தனை ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது? யாழ் செய்யும் தச்சர் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே அற்றுப் போயிற்று. சிலப்பதிகாரத்தில் யாழ் இருந்தது. யாழ் செய்யும் கை எங்கும் இருக்கவில்லை. ஆகையால் விஞ்ஞானமும் கணிதமும் கற்ற ஒரு துறவி, நூல்களிலுள்ள குறிப்புக்களைத் துருவி ஆராய்ந்து அதன் வடிவத்தையும் நரம்புகளின் கணக்கையும் மீட்க வேண்டியதாயிற்று. ஒரு தச்சன் தன் மகனுக்கு ஓராண்டிற் கற்பித்திருக்கக் கூடியதை மீட்பதற்கு ஒரு பேரறிஞரின் பல்லாண்டு உழைப்புச் செலவாயிற்று. நாளை பன் பாயைப் பற்றி ஆராய்வதற்கும் ஒரு விபுலானந்தர் பிறந்துதான் ஆக வேண்டுமா?

அதே 1947ஆம் ஆண்டில் மறைந்த மற்றொரு பெரியார் ஆனந்த குமாரசுவாமி அவர்கள். 1877இற் கொழும்பிற் பிறந்த இத்தமிழர் பூகர்ப்பவியல் வல்லுநர். இலங்கையிற் கனிப்பொருள் ஆராயச் சென்றவர் கிராமங்களிலே கைவினை அழிந்து வருவதைக் கண்டார். கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அது அச்சாயிற்று. 425 பிரதிகளே வெளியிடப்பட்டன. நுண்கலை வேறு, பயன்படு கலை வேறு என்னும் பிரிவினை நம் நாட்டு மரபன்று என்பதை அவர் வலியுறுத்தினார்.

இனி, இவ்வினைகள் ஏன் தளர்ந்தன என்று நோக்குவோம். 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தால் மலிவான இறக்குமதிகள் சந்தையை நிறைத்தன; கைத்தறிகள் பல ஓய்ந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2009 வரை நீடித்த போரிலே குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தன. அலைபவர் கையிற் பன் எங்கே இருக்கும்? பின்னர் பிளாஸ்டிக் பாய் வந்தது. அது விலை குறைந்தது, கழுவ எளிது. ஏழைக் குடும்பம் அதனை வாங்குவதை நான் குறை கூறமாட்டேன்.

பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்றவும் நான் முன்வரவில்லை. கைவினையைச் சாதியோடு பிணைத்து, "இது உன் தொழில், நீ இதையே செய்" என்று ஒருவனைக் கட்டிப் போட்ட கொடுமை நம் சமூகத்தில் இருந்தது. அதனை மீண்டும் கொண்டு வர எவரும் கருதலாகாது. பாய் இழைக்கும் தாயின் மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். அவள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரவேண்டும். அதே வேளையில் கூலியும் மதிப்பும் இல்லாமையால் அவள் தாயின் கலையை வெறுத்து ஒதுக்கும் நிலையும் மாற வேண்டும். பல நாள் முதுகு வளைந்து இழைத்த பாயைச் சொற்ப விலைக்கு வாங்கி, நகரிலே பன்மடங்கு விலைக்கு விற்பவர் இருக்கும் வரை, "மரபைக் காப்பாற்றுங்கள்" என்று அத்தாய்க்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

பிறர் என்ன செய்தனர்? ஜப்பான் 1950ஆம் ஆண்டிலேயே பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. அதன் வழியாகச் சிறந்த கைவினைஞரைத் தேர்ந்து, மாணாக்கரைப் பழக்குவதற்கு உதவிப் பணமும் கொடுத்து வருகின்றது. நம் இலங்கையிலேயே தும்பறைப் பாய் நெசவை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. சிறு கிராமத்து மக்களின் கைவினை அது. அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு நம் தாய்மாருக்கு ஏன் கிடைக்கலாகாது?

நம் மன்றத்தால் இயலக் கூடியவை சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவது, கரடியனாற்றிலும் அயற் கிராமங்களிலும் உள்ள கைவினைஞரை நேரிற் கண்டு, அவர்கள் சம்மதத்தோடு பெயர், கற்பித்தவர், அறிந்த கோலங்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். கையிலுள்ள தொலைபேசியால் விரல்களின் அசைவையும் படம் பிடிப்போம். இரண்டாவது, நம் கோயில் விழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் பன் பாயும் மட்பாண்டமும் குருத்தோலைத் தோரணமும் வாங்குவோம். பேரம் பேசாது கேட்ட விலையைக் கொடுப்போம். மூன்றாவது, பன் விளையும் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுக்கக் குரல் கொடுப்போம். பன் இல்லையேற் பாய் இல்லை. நான்காவது, சாதி பேதமின்றி, ஆண் பெண் வேறுபாடின்றி, விரும்பிய இளைஞர் வாரம் ஒருநாள் அத்தாய்மாரிடம் சென்று கற்போம். கற்பிப்பவருக்கு ஆசிரியருக்குரிய வேதனத்தையும் கொடுப்போம்.

பெரியோர்களே! இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். தோழர்களே! முதிய கைகள் நமக்காக நெடுங்காலம் காத்திருக்க மாட்டா. அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, நம் ஊர்க் கைவினைஞரின் பெயர்கள் அதிலே அச்சாகி இருக்க வேண்டும் என்னும் வேண்டுகோளுடன் என் சிற்றுரையை நிறைவு செய்கின்றேன்.