பைபிளை எப்படிப் படிப்பது?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தப் படிப்பகத்துக்கு அன்பர் ஒருவர் பைபிள் பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதை எங்கே வைப்பது என்று நம்மிடையே ஒரு விவாதம் எழுந்தது. "மதப் புத்தகத்துக்குத் தொழிலாளர் படிப்பகத்தில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். கிறிஸ்தவத் தோழர்கள் சிலரோ, "கதைப் புத்தகங்களுக்கு நடுவே வேதத்தைச் செருகி வைப்பதா? அது அவமரியாதையல்லவா?" என்று வருத்தப்பட்டார்கள். இரு சாராரும் நம்மவர்கள். ஒரே ஷிப்டில் மிஷின் ஓட்டுகிறவர்கள். ஒரே வயலில் அறுப்பு அறுக்கிறவர்கள். ஆகவே இரு சாராருக்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில், வேண்டாம் என்ற தோழர்களுக்கு. கம்பன் ராமனைத் தெய்வமாகவே பாடினான். ஆயினும் தோழர் ஜீவா கம்பன் விழா மேடைகளில் ஏறி, அந்தக் கவிதைச் செல்வத்தைப் பாமர மக்களுக்கு வாரி வழங்கினார். அதனால் அவர் ராம பக்தராகிவிட்டாரா? இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழுத்த சைவர். பாதிரிமாரின் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர். அவரேதான் அதற்கு முன்பு பெர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து, பைபிளைத் தமிழில் பெயர்க்கத் துணை செய்தார். ஏங்கெல்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிக் கிறிஸ்தவம் அடிமைகளிடையிலும் ஏழைகளிடையிலும் பிறந்த இயக்கம் என்று 1894இல் அவர் எழுதினார். வெறுத்து ஒதுக்கிய புத்தகத்தைப் பற்றி யாராலும் அப்படி எழுத முடியாது. படித்துத்தான் எழுதினார்.

அடுத்து, வருந்திய தோழர்களுக்கு. உங்கள் நம்பிக்கையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் என்று நாம் சொல்லவில்லை. கோயிலில் படிப்பதுபோல் கோயிலில் படியுங்கள். இங்கே வேறொரு விதமாகவும் படித்துப் பார்ப்போம். இதை யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது, எந்தக் காலத்தில் சொன்னது, யாருடைய வயிற்றெரிச்சல் இதில் பேசுகிறது என்று கேட்டுப் படிப்போம். இலக்கியத்தைப் படிக்கும் முறை இதுதான்.

ஒரு புத்தகமல்ல, ஓர் அலமாரி

பைபிள் என்பது ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிய ஒரே புத்தகமல்ல. புராட்டஸ்டண்டு பைபிளில் 66 நூல்கள். கத்தோலிக்க பைபிளில் 73. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. சில பகுதிகள் அரமேய மொழியில். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில். பல நூற்றாண்டுகள், பல கைகள். அதில் அரசர்களின் வரலாறு உண்டு, சட்டம் உண்டு, பழமொழி உண்டு, கடிதம் உண்டு. நீதிமானுக்கு ஏன் துன்பம் என்று கடவுளிடமே வழக்குத் தொடுக்கிற யோபுவின் காவியம் உண்டு. உன்னதப்பாட்டு என்று ஒன்று உண்டு. அதற்கு ஞானப்பொருள் சொல்வார்கள். நமது அகப்பாட்டைக் கேட்டுப் பழகிய காது, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தேடித் தவிக்கும் காதல் பாட்டு அது என்று உடனே கண்டுகொள்ளும்.

இந்த அலமாரி தமிழுக்கு வந்ததும் ஒரு வரலாறு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715இல் அது அங்கேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே.

சூளையில் எழுந்த குரல்

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறவுங்கள். எகிப்தில் எபிரேயர்கள் மன்னன் பார்வோனுக்குச் செங்கல் அறுக்கிறார்கள். களிமண்ணோடு கலக்க வைக்கோலை அரசாங்கம் கொடுத்து வந்தது. சில நாள் ஓய்வு கொடுங்கள், வனாந்தரத்தில் போய் வழிபட்டு வருகிறோம் என்று மோசேயும் ஆரோனும் கேட்டார்கள். பார்வோன் என்ன செய்தான்? இனி வைக்கோல் கிடையாது, நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்று உத்தரவிட்டான். கணக்குக் குறைந்தபோது அடி விழுந்தது. யார்மீது? வேலை வாங்குவதற்காக அந்த எபிரேயர்களிலிருந்தே பொறுக்கி எடுத்து வைத்திருந்த மேஸ்திரிகள்மீது. அவர்கள் முறையிடப் போனபோது பார்வோன் சொன்ன பதில், நீங்கள் சோம்பேறிகள் என்பதே.

ஆலைத் தோழர்களே, இந்தக் கதைக்கு உங்களுக்கு யாராவது விளக்கம் சொல்ல வேண்டுமா? ஆளைக் குறைத்து, மிஷினைக் கூட்டி, உற்பத்தி குறைந்தால் ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் ஒட்டுவதை நாம் பார்த்ததில்லையா?

இது உண்மையில் நடந்ததா என்று கேட்பீர்கள். ஆறு லட்சம் ஆண்கள், பெண்டு பிள்ளைகள் நீங்கலாக, எகிப்தைவிட்டுப் புறப்பட்டார்கள் என்கிறது நூல். அத்தனை பெரிய கூட்டம் அந்தப் பாலைவனத்தைக் கடந்ததற்குத் தொல்பொருள் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் வைக்கோலை நிறுத்திவிட்டுக் கணக்கைக் குறைக்காத எஜமானனைக் கற்பனையில் மட்டும் எவனும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்டவனிடம் வேலை செய்த மக்களின் நினைவு அதில் இருக்கிறது. இலக்கியத்தின் உண்மை அதுதான்.

ஐந்து மணி வரை நின்றவர்கள்

ஆமோஸ் என்று ஒரு சிறு நூல். கி.மு. எட்டாம் நூற்றாண்டு. தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தவன், காட்டத்திப் பழம் பறித்தவன் ஆமோஸ். வடக்கே இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலம். செழிப்பு யாருக்கு? ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழையை விற்கிறார்கள், மரக்காலைச் சிறிதாக்கித் தராசில் கள்ளம் செய்கிறார்கள், கோதுமையோடு பதரைத் தள்ளிவிடுகிறார்கள் என்று அவன் பட்டியல் போட்டான். அநியாயக்காரர் நடத்தும் திருவிழாவைக் கடவுள் வெறுக்கிறார் என்றான். பெத்தேல் கோயில் பூசாரி வந்து, இது அரசனுடைய கோயில், உன் ஊரில் போய்ப் பேசிப் பிழைத்துக்கொள் என்று விரட்டினான். நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசி மகனுமல்ல, ஆடு மேய்க்கிறவன் என்று நிமிர்ந்து பதில் சொன்னான் ஆமோஸ்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒரு கதை. திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய்க் கூலியாட்களை அமர்த்துகிறான். ஒன்பது மணிக்கும், உச்சிவேளையிலும், மூன்று மணிக்கும் போகிறான். மாலை ஐந்து மணிக்குப் போனாலும் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே நாள் கூலி. இதைக் கடவுளின் கருணைக்கு உவமை என்பார்கள், இருக்கட்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் ஊர் முச்சந்தியில் நின்ற விவசாயத் தோழர்கள், அந்த ஐந்து மணி ஆட்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் வீட்டில் உலை வைக்க ஒரு நாள் கூலி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாதாடும் பக்கங்கள்

ஆனால் தோழர்களே, நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுப்பது நேர்மையாகாது. பொழுது சாய்வதற்குள் ஏழையின் கூலியைக் கொடு என்று உபாகமம் சொல்கிறது. அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. மோவாபியரைப் பத்துத் தலைமுறை ஆனாலும் சபையில் சேர்க்காதே என்று அதே உபாகமம் விலக்குகிறது. ரூத்தின் நூலோ, அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்த மோவாபிய விதவை ஒருத்தியை, தாவீது ராஜாவின் பாட்டனாரைப் பெற்றவளாக உயர்த்தி வைக்கிறது.

ஒரே வாய் பேசியது என்று எடுத்துக்கொண்டால் இந்த முரண்பாட்டை மூடி மறைக்க வேண்டிவரும். இலக்கியமாகப் படித்தால் மறைக்க வேண்டியதில்லை. எஜமானின் குரலும் உண்டு, கூலியாளின் குரலும் உண்டு, இரண்டும் ஒரே அட்டைக்குள் வழக்காடுகின்றன என்று தெளிவாகக் காணலாம். அப்போது கீழ்ப்படி என்ற ஒரு வரியைக் காட்டி யாரும் நம் வாயை அடைக்க முடியாது.

எஜமானர்கள் வெட்டிய பக்கங்கள்

இது நாம் கட்டிச் சொல்லும் வியாக்கியானம் என்று நினைத்தால், எதிர்த் தரப்பின் சாட்சியத்தைக் கேளுங்கள். 1791இல் ஹைட்டியில் கரும்புத் தோட்டத்து அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள்; 1804இல் சுதந்திர நாடு கண்டார்கள். அக்கம்பக்கத்துத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் நடுங்கினார்கள். 1807இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அடிமை முறையை அல்ல. அதே 1807இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று லண்டனில் தனியாக ஒரு பைபிள் அச்சாயிற்று. அதில் பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இல்லை. புதிய ஏற்பாட்டில் சுமார் பாதி இல்லை. அடிமையாக விற்கப்பட்டு, பொறுத்திருந்து உயர்ந்த யோசேப்பின் கதை இருந்தது. மோசே மக்களை விடுவித்து அழைத்துச் சென்ற கதை இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற வாசகம் பத்திரமாக இருந்தது.

கத்திரிக்கோல் எங்கே விழுந்தது என்று பாருங்கள்! அந்தப் பக்கங்கள் வெறும் பரலோகச் செய்தியாக இருந்தால் வெட்டுவானேன்? எந்தப் பக்கத்தில் தீ இருக்கிறது என்று எஜமானர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெட்டியும் பயனில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் எழுதப் படிக்கவே தடுக்கப்பட்ட அடிமைகள், காதால் கேட்ட மோசேயின் கதையைப் பாட்டாக்கிப் பாடினார்கள். அடிமைகளை ரகசியமாக அழைத்துப்போய் விடுவித்த ஹேரியட் டப்மன் என்ற வீராங்கனைக்கு மோசே என்றே பட்டப்பெயர் வழங்கிற்று.

ஆகவே இந்தப் படிப்பகத்தின் முடிவு இதுதான். பைபிள், குறளுக்கும் கம்பனுக்கும் பக்கத்தில் இருக்கும். வணங்குகிறவர் கை கழுவிவிட்டு எடுக்கட்டும். வணங்காதவர் மரியாதையோடு எடுக்கட்டும். ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத தோழர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டு முடித்தபின் வாதாடுவோம். அந்தப் புத்தகமே வாதாடுகிற புத்தகம்தான்.

நமக்குக் கிடைத்திருப்பது முழுப் பிரதி. ஒரு பக்கமும் வெட்டப்படவில்லை. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்திருக்கிறோம். நாளை ஷிப்டு முடிந்து வருகிற தோழர் அங்கிருந்து தொடங்கலாம்.