கிடங்கில் தொடங்கும் வைத்தியம்

அரசு ஆஸ்பத்திரி என்றதும் டாக்டர் கைராசிக்காரரா, நர்ஸ் முகம் கொடுத்துப் பேசுவாரா என்றுதான் கேட்கிறோம். மருந்துக் கிடங்கைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அதைப் பேசத்தான் இன்றைய மேடை.

"ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க." இந்த வாசகத்தைக் கேட்காத குடும்பம் நாட்டில் குறைவு. சீட்டோடு மருந்துக்கடை வாசலுக்குப் போகும் கூலித்தொழிலாளி, பத்து நாள் மாத்திரைக்கு எழுதியிருந்தால் மூன்று நாளைக்கு வாங்குவார். மிச்ச ஏழு நாளும் நோய்க்கு.

இந்த நிலையை மாற்ற, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பிறந்தது. அது செய்த வேலைகளில் வீரசாகசம் எதுவும் இல்லை. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், மருந்தின் பொதுப் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டது. மாவட்டங்களில் கிடங்குகள் கட்டியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் ஏறும், ஒதுக்கிய தொகையில் மீதி எவ்வளவு என்பதும் தெரியும்.

இதில் சுவாரசியமானது தரப் பரிசோதனைதான். வந்திறங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் யார் என்பதை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்தக் கம்பெனியின் மாத்திரை என்றே தெரியாதபோது ஆய்வாளர் யாருக்குச் சலுகை காட்டுவார்? சோதனையில் தேறினால்தான் அது வார்டுக்குப் போகும். எல்லோரும் உத்தமர்களாக இருப்பார்கள் என்று நம்பி வகுத்த முறை அல்ல இது. அதனால்தான் நிலைத்தது. ஆட்சிகள் மாறின, பாஸ்புக் மாறவில்லை.

குறையே இல்லையா? உண்டு. மருந்து இல்லை என்ற புகார் இன்றும் எழுகிறது, எழவும் வேண்டும்.

ஆனால் பலனையும் பாருங்கள். 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்தப் பெருமை முழுவதையும் கிடங்குக்கே கொடுத்துவிட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருப்பதும், ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் விசாரணை நடப்பதும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் நள்ளிரவில் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு முன்னால் நிற்கும் செவிலியர், அலமாரியைத் திறந்தால் ஊசிமருந்து அங்கே இருந்தாக வேண்டுமே!

தமிழ்நாட்டின் இந்த வழியைப் பார்த்துக் கேரளமும் தனக்கொரு கழகம் அமைத்தது. ராஜஸ்தான் 2011 காந்தி ஜெயந்தி அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, கொள்முதலுக்கு முன்மாதிரியாகக் கொண்டது சென்னையின் இந்தக் கழகத்தைத்தான்.