போன நம்பிக்கை திரும்பி வந்த கதை

(ஆரணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், பட்டுச்சேலை விற்பனை செய்யும் குழுவின் ஊக்குநர் ஒருவர் பேசியது)



ஆன்லைன்ல வியாபாரம் பண்றது எப்படின்னு பேசச் சொன்னாங்க. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியல. அதை எப்படிக் கெடுத்துக்கிட்டோம்னு நல்லாச் சொல்லுவேன்.

எங்க குழுவுல 12 பேர். பாதிப் பேர் வீட்டுல தறி இருக்கு. மத்தவங்க தார் சுத்துறது, பாவு புணைக்கிறதுன்னு கூலிக்குப் போறவங்க. வங்கிக் கடன் வாங்கி, சேலைகளைப் போட்டோ எடுத்து ஒரு ஆன்லைன் தளத்துல போட்டோம். முதல்ல "ஆரணிப் பட்டு"ன்னுதான் எழுதினோம். மூணு வாரமா ஒரு சேலை போகல. தெரிஞ்ச தம்பி ஒருத்தன், "அக்கா, ஜனங்க காஞ்சிபுரம்னுதான் தேடுறாங்க, பேரை மாத்துங்க"ன்னான். மாத்தினோம். விற்க ஆரம்பிச்சுது. ஆரணித் தறியில நெய்தது காஞ்சிபுரம் பேருல கடைக்குப் போறது நமக்குப் புதுசா? அந்தத் துணிச்சல்தான்.

கோயம்புத்தூர்ல ஒரு அம்மா மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினாங்க. அங்க வந்த உறவுக்காரங்க ஒருத்தர் முந்தியைக் கையில பிடிச்சுப் பார்த்துட்டு, "ரொம்ப லேசா இருக்கே, கோர்வையும் இல்ல. இது காஞ்சிபுரம் இல்லையே" அப்படின்னுட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி. அன்னைக்கு ராத்திரியே அந்த அம்மா ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிட்டாங்க: "சேலையில குறை இல்லை. ஊரைப் பத்திப் பொய் சொல்லி விக்கிறாங்க."

கடையில ஒருத்தர் சத்தம் போட்டா நாலு பேருக்குத் தெரியும், மறுநாள் மறந்துடும். ஆன்லைன்ல எழுதினது அப்படியே நிக்கும். வாங்குறவங்க சேலையைத் தொட்டுப் பார்க்க முடியாது, நம்ம முகத்தையும் பார்த்ததில்ல. அவங்களுக்கு இருக்கிறது நாம எழுதுற வார்த்தையும், முன்னாடி வாங்கினவங்க எழுதின வார்த்தையும்தான்.

நாங்க அதோட நிக்கல. சொந்தக்காரங்க, அக்கம்பக்கம்னு 9 பேரை விட்டு ஒரே ராத்திரியில அஞ்சு நட்சத்திரம் போட வச்சோம். எல்லாரும் எழுதினது "சூப்பர் சேலை". அந்த அம்மா தன்னோட கருத்துல இன்னொரு வரி சேர்த்தாங்க: "ஒரே ராத்திரியில ஒன்பது பேர் சேலை கட்டிட்டாங்க போல." அதுக்கப்புறம் ஒரு ஆர்டர் இல்ல. ரெண்டு மாசத் தவணையைச் சேமிப்புல இருந்து எடுத்துக் கட்டினோம். விற்கிறவங்களே வாங்கினவங்க மாதிரி கருத்து எழுதக் கூடாதுன்னு 2020-ல வந்த மின் வணிக விதிகள்ல இருக்குதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. சொன்ன தரத்துல பொருள் இல்லைன்னா திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லவும் கூடாதாம்.

இனி என்ன செய்யறதுன்னு கூட்டம் போட்டப்போ, ஒரு அக்கா மேகி கதையை எடுத்தாங்க. 2015 ஜூன்ல ஈயம் அளவுக்கு மேல இருக்குன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகியை நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். முதல்ல கம்பெனி "எங்க பொருள் நல்லதுதான்"னு சொல்லிப் பார்த்தது. யாரும் கேக்கல. நாடு முழுக்கத் திரும்ப எடுத்து, 30 ஆயிரம் டன்னுக்கு மேல அழிச்சாங்க. சிமெண்ட் ஆலைச் சூளையில போட்டு எரிச்சாங்க. ஆகஸ்ட்ல பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, மூணு ஆய்வுக்கூடத்துல சோதிக்கச் சொன்னது. அதுல தேறி, நவம்பர்ல திரும்பி வந்தாங்க. ஆன்லைன்ல வச்ச 60 ஆயிரம் பெட்டியும் சில நிமிஷத்துல வித்துப் போச்சு. யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. "எங்களை நம்புங்க"ன்னு அவங்களே சொன்னப்போ எடுபடாதது, வெளி ஆள் சோதிச்சுச் சொன்னப்போ எடுபட்டுது. அதுக்கு நடுவுல பெரிய நஷ்டத்தையும் தாங்கினாங்க.

நமக்கு எது ஆய்வுக்கூடம்? மத்திய பட்டு வாரியம் ஏற்படுத்தின சில்க் மார்க் 2004-லயே வந்தாச்சு. பதிவு பண்ணி உறுப்பினர் ஆகிறவங்களுக்கு அந்த லேபிள் கிடைக்கும். ஆனா ஒண்ணு, அது சுத்தமான பட்டுன்னு மட்டும்தான் சொல்லும். கைத்தறியா, ஜரிகை என்ன தரம், எந்த ஊர்னு சொல்லாது. கைத்தறிக்குத் தனியா கைத்தறி முத்திரை இருக்கு. ஊருக்குப் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் மாதிரியே ஆரணிப் பட்டுக்கும் அது இருக்கு, சகோதரிகளே! நமக்குன்னு பேரு இருக்க, அடுத்த ஊர்ப் பேரைக் கடன் வாங்கியிருக்கோம்.

கோயம்புத்தூர் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கை நடுங்குச்சு. "நீங்க எழுதினது சரிம்மா, தப்பு எங்களுதுதான். சேலையை அனுப்புங்க, முழுப் பணமும் கூரியர் செலவும் தர்றோம்"னேன். இதுக்குக் குழுவுல பெரிய சண்டை. "கட்டின சேலைக்கு எவ பணம் குடுப்பா?"ன்னு ரெண்டு பேர் எழுந்தே போயிட்டாங்க. கடைசியில தீர்மானப் புத்தகத்துல எழுதி 12 பேரும் கையெழுத்துப் போட்டோம். 8,500 ரூபா திருப்பிக் குடுத்தோம். திரும்பி வந்த சேலையை, ஒரு தடவை கட்டினதுன்னு சொல்லியே பாதி விலைக்கு வித்தோம். அந்த 9 பொய்க் கருத்தையும் போட்டவங்களை வச்சே எடுக்கச் சொன்னோம்.

இப்போ எழுதுறது இதுதான்: ஆரணிப் பட்டு, கைத்தறி, எடை லேசு. அசல் வெள்ளி ஜரிகை இல்லைன்னா இல்லைன்னு எழுதுறோம். நெய்றவங்களைத் தறியோட படம் பிடிச்சுப் போடுறோம். கோ-ஆப்டெக்ஸ்ல நெசவாளர் படம் போட்ட அட்டை வச்சு வித்ததைப் பார்த்து வந்த யோசனை அது. சேலையோட கொஞ்சம் நூலும் வச்சு அனுப்புறோம். பத்த வச்சா முடி கருகின வாடை வரணும், சாம்பல் தொட்டாப் பொடியாகணும். பாலியஸ்டர்னா உருகி உருண்டையா நிக்கும். "நூலை மட்டும் நல்லதா வச்சு ஏமாத்தலாமே?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால முந்தி நூலை வெட்டாம நீளமா விட்டு அனுப்புறோம். அதுல இருந்தே எடுத்துப் பார்த்துக்கலாம்.

அந்த ஒரு நட்சத்திரத்தை அவங்க எடுக்கல. எடுங்கன்னு நாங்களும் கேக்கல. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்காங்க: "பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது ஊர்ப் பெயரைச் சரியாகப் போடுகிறார்கள்." அதைப் படிச்சுட்டுத்தான் வாங்குறோம்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. விற்பனை பழையபடி முழுசா வரல, முக்கால்வாசி வந்திருக்கு. இந்த மாசத் தவணையைச் சேமிப்பைத் தொடாம கட்டிட்டோம்.

வெளியே மேசையில நாலு சேலை வச்சு, பக்கத்துல அதோட போட்டோவும் ஒட்டியிருக்கேன். சாப்பிடப் போறதுக்கு முன்னாடி நிறம் ஒத்துப் போகுதான்னு பார்த்துச் சொல்லுங்க. அந்த நீலச் சேலை போட்டோவுல எனக்கே சந்தேகம் இருக்கு.